இடது லீவர்

இடது லீவரைத் தொடவே கூடாது, வலது லீவரை மட்டும் நான் சொல்லும்போது ஒரு நூல், அரைக்கால் அங்குலம், பின்னால் இழுத்தால் போதும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறார். மூன்று முறை. முப்பத்து மூன்று வருஷம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவளிடம், நான் ஏதோ கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவள் மாதிரி. இடது லீவரை இழுத்தால் இந்த இரண்டு இரும்புக் கைகளும் மேலே ஏறும், தள்ளினால் இறங்கும். வலது லீவர் கைகளின் முனையில் தொங்கும் பக்கெட்டை மட்டும் மடக்கும், நிமிர்த்தும். இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்ல இவருக்குக் கால் மணி நேரம். இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்புக் குமிழ், நடுவே நான்கு விரல் இடைவெளி. என் கை வலது குமிழின் மேல் இருக்கிறது, இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன். சீட்டுக்கு இன்னும் மெத்தை தைக்கவில்லை, வெறும் தகரத்தின் மேல் நாலாக மடித்த சாக்கு. எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் தாடை ஆடுகிறது, கண்ணாடி மூக்கில் வழுக்கி வழுக்கி இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரில் மற்ற பெண்கள் என்ன செய்வார்கள், கறி எடுக்கச் சொல்வார்கள், தலைக்குக் குளிப்பார்கள். நான் பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகைக்குள், எனக்கு ஐந்து வயது இருக்கும்போது செய்த ஒரு செயின் லோடரின் மேல், டீசல் புகையில் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரம் இல்லாமல் சங்கிலிப் பட்டையில் ஊரும் வண்டி, அணைக்கட்டுக்கும் கல் குவாரிக்கும் மண் அள்ளிய வண்டி, ஒன்பது டன். இதைக் காங்கயம் பக்கத்தில் ஒரு மூடிப்போன குவாரியில் எருக்கஞ்செடிக்கு நடுவில் கண்டுபிடித்து வந்தபோது இவர் முகத்தில் இருந்த களையை, மகள் பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

"ஏம்புள்ள, இழு!" என்று கீழேயிருந்து சத்தம். இழுக்கிறேன், ஒரு நூல். "போதும் போதும், போதும்னு சொல்றனல்ல!" ஒரு தடவை போதும் என்றால் எனக்குப் புரியாதா, மூன்று தடவை எதற்கு. இடது பக்கச் சங்கிலிப் பட்டைக்கு அப்பால் இவருடைய கால்கள் மட்டும் தெரிகின்றன, முழங்காலுக்குக் கீழே, காக்கி அரைக்கால் சட்டையின் ஓரம், வெளுத்த ஆடுசதை, ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. மற்றதெல்லாம் அந்த இரும்புக் கைகளுக்கு அடியில். பக்கெட்டையும் கையையும் சேர்க்கிற இணைப்புக் கம்பிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக, புதிதாகக் கடைந்து வாங்கிய பின்னு போட வேண்டும், முழங்கை கனத்தில் ஒரு இரும்பு உருளை. கம்பியின் துளையும் பக்கெட்டின் துளையும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் அது உள்ளே போகும், அதற்காகத்தான் நான் மேலே உட்கார்ந்து நூல் நூலாக இழுக்கிறேன், இவர் கீழே படுத்து விரலை விட்டுத் துளையைத் தடவிப் பார்க்கிறார். கையில் வெளிச்சம்கூட இல்லை. சென்னியப்பன், நூல் மில்லில் இருபத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பர், போல்ட்டும் பேரிங்கும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர், ஒரு போல்ட்டையாவது தன் கையால் முடுக்கியவர் இல்லை. மில் ஃபிட்டர்கள் இவரைப் பின்னால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், ஒரு பொங்கல் விழாவில் ஃபிட்டர் ஒருவனின் மனைவி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள், அலமாரி. அலமாரி வருது, அலமாரி போகுது. நானும் அன்றைக்குச் சிரித்தேன். வீட்டில் சமையலறைக் குழாய் பதினோரு மாதம் சொட்டியது, வாஷர் மாற்றத் தெரியாது, ஆள் வரச் சொல்லியிருக்கேன் ஆள் வரச் சொல்லியிருக்கேன். அப்படிப்பட்டவர் இப்போது ஒன்பது டன் லோடரைப் பிரித்துப் பூட்டுகிறார். அதற்கு ஒரு சங்கம் வேறு. பழைய மண் வண்டிகளைத் தேடி வாங்கிப் பழையபடி ஆக்குகிற இவரும் இன்னும் ஐந்து பேரும், அதில் பல் டாக்டர் ஜெயபால் ஒரு ரோடு ரோலர் வைத்திருக்கிறார், மாதம் ஒரு முறை அதை வீட்டைச் சுற்றி ஓட்டிவிட்டு வீடியோ போடுகிறார். அந்த ஐந்து பேரும் இன்றைக்கு மூன்று மணிக்கு வருகிறார்கள், பக்கெட் ஏறி இறங்குவதைப் பார்க்க. ஐந்து பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆளுக்கு ஒரு தொப்பி. நான் போண்டா போட வேண்டும்.

"ஹைட்ராலிக்னா என்னன்னா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுத்தார், ரசத்தைக் கையில் ஏந்தியபடி, "எண்ணெய அமுக்க முடியாது புள்ள, ஒரு பக்கம் அமுக்குனா இன்னொரு பக்கம் தூக்கும், அதுதான் சூட்சுமம்." சூட்சுமம். வருஷா வருஷம் ஒரு சின்ன ஊசிக்குழலும் ஒரு பெரிய ஊசிக்குழலும் ஒரு ரப்பர் குழாயும் நீலமை கலந்த தண்ணீரும் கொண்டுபோய், சின்னதை அமுக்கிப் பெரியதன் மேல் வைத்த இரண்டு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, நாற்பது பெண்கள் வாயைப் பிளந்து பார்க்க நின்றவள் நான். எந்த வருஷமும் முதல் முறை செங்கல் எழும்பும்போது வகுப்பில் ஒரு சத்தம் வரும், மூச்சு உள்ளே போகிற சத்தம், அதற்காகவே அந்தப் பாடத்தைத் தள்ளிப்போட்டு வைத்திருப்பேன். இவரிடம் மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அது என் தப்பு. இந்த நாற்பது வருஷத்தில் நான் மோர் ஊற்றட்டுமா என்று கேட்ட இடங்களையெல்லாம் எண்ணினால். உடுமலையில் தலைமை ஆசிரியை பதவி வந்தது, ஐம்பது கிலோமீட்டர், "தெனமும் பஸ்ஸுல போயி வந்து ஒடம்பக் கெடுத்துக்கறதுக்கா, அதெல்லாம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு" என்றார், சாதாரணமாக, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பதவி உயர்வு வேண்டாம் என்று என் கையெழுத்தில், நல்ல கையெழுத்து எனக்கு. அடுத்து எங்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்தவள் எனக்கு ஏழு வருஷம் இளையவள், அவளிடம் தாளை நீட்டித்தான் நான் விடுப்பு கேட்டேன் கடைசி வரைக்கும். போன மாதம் இவரிடம் உடுமலையைப் பற்றிப் பேச்சை எடுத்தேன், "உடுமலையா, அங்க என்ன" என்றார். நடிக்கவில்லை. மறந்தே போயிருக்கிறார். என்னைத் தூக்கி எறிந்தது இவருக்கு ஒரு பஸ் டிக்கெட்டைத் தூக்கி எறிந்த அளவுக்குத்தான்.

வலது குமிழ் சூடாக இருக்கிறது. கை வேர்க்கிறது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது, வைக்கும்போது கை எங்கே போனது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. வலதில்தான். வலதில்தான் வைத்தேன். ஆனால் அந்தக் கணத்தில் ஒரு நினைப்பு வந்தது, வந்ததை வரவில்லை என்று யாரிடம் சொல்வது, இங்கே நான் மட்டும்தானே இருக்கிறேன். நான்கு விரல் இடம் தள்ளி. முன்னால் ஒரு சாண் தள்ளினால். பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் பக்கம் நிற்கும்போது வருமே, குதிக்க வேண்டும் என்று இல்லை, குதித்துவிடுவோமோ என்று, அந்த மாதிரி. நான் அப்படிப்பட்டவள் இல்லை. யாரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை, செய்யும் வரைக்கும். இடது கையால் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன், இரண்டு கைக்கும் வேலை இருக்கட்டும். சீ, என்ன பெண் நீ கமலவேணி. அவர் என்ன உன்னை அடித்தாரா, குடித்தாரா. இல்லை. அதுவும் இல்லை. வெறுக்கக்கூட வசதி செய்து கொடுக்காத மனுஷன். அலட்சியம் பண்ணத்தான் முடிகிறது, அதை நாற்பது வருஷமாகப் பண்ணிக்கொண்டிருக்கிறேன், சுத்தமாக, வீட்டைக் கூட்டுவது மாதிரி தினமும்.

எதிரே தகரச் சுவரில் ஒரு வரிசை போல்ட். உட்கார்ந்ததிலிருந்து வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரும்புக் கையின் மேல் விளிம்பு மூன்றாவது போல்ட்டை மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த போல்ட் தெரிகிறது. முழுசாக. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன், கண் உயர்ந்தால் அப்படித்தான் தெரியும், இதைத்தானே அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துப் படிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வது. தலையைப் பின்னால் இருக்கிற கம்பியில் ஒட்ட வைத்துக்கொள்கிறேன், ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன், அசையாமல் இருக்கிறேன். போல்ட்டுக்கும் கைக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். நூறு எண்ணுகிறேன். கீற்று பெரிதாகிவிட்டது. இறங்குகிறது. நான் இடது லீவரைத் தொடவில்லை, தொடவில்லை, இதோ அது நேராக நிற்கிறது, ஆனால் கை இறங்கிக்கொண்டிருக்கிறது, அழுத்தம் எங்கேயோ உள்ளுக்குள் ஒழுகுகிறது, வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தெரியாமல். கைக்கு அடியில் முட்டுக் கொடுக்க எட்டு ரயில் தண்டவாளக் கட்டைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன, இவரே தேடி வாங்கியவை, அடுக்க இருபது நிமிஷம் ஆகும் என்று இன்றைக்கு அடுக்கவில்லை, இடது பக்கம் ஒரு வேப்பங்கட்டையை மட்டும் செங்குத்தாக நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். "ஏனுங்க!" என்று கத்துகிறேன். "ஏனுங்க, கை எறங்குதுங்க!" எஞ்சின் சத்தத்தில் கால் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. "என்ன?" "கை எறங்குது! வெளிய வாங்க!" "அதெல்லாம் எறங்காது, நான் பாத்தாச்சு, நீ லீவர்ல கைய வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காரு!" "நான் கண்ணால பாக்கறேன்!" "உனக்கென்ன தெரியும், பேசாம இரு புள்ள, துளை இப்பத்தான் நேரா வருது!"

எனக்கென்ன தெரியும். சரி. எனக்கு என்ன தெரியும் என்றால், இடது லீவரை இழுத்து இப்போதே கைகளை மேலே தூக்கலாம், ஆனால் இவர் விரல் துளைக்குள் இருக்கிறது, தூக்கினால் விரல் போகும். தூக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு போகும். எஞ்சினை நிறுத்தினால் சத்தம் போகும், இறங்குவது நிற்காது. சும்மா உட்கார்ந்தால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சும்மா உட்காரச் சொன்னது அவர்தானே, நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்டாட்டி. இதை நினைத்தது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு மூச்சு இருக்கும். அந்த ஒரு மூச்சை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இரண்டு லீவரிலிருந்தும் கையை எடுத்து, சேலையைத் தூக்கிச் சொருகி, சங்கிலிப் பட்டையின் மேல் கால் வைத்து இறங்குகிறேன். அறுபத்து மூன்று வயதில், மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறவள், இறங்கும்போது பட்டையின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழிக்கிறது. குனிந்து இவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுக்கிறேன். தரையெல்லாம் எண்ணெய், முதுகுக்கு அடியில் சாக்கு, இவ்வளவு லேசா இந்த மனுஷன், இவ்வளவு லேசாக எப்போது ஆனார். "அடியேய், கை, கை இருக்குது, விடு!" விரலை உருவிக்கொண்ட சத்தம் மாதிரி ஒரு முனகல், பிறகு சாக்கோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்துவிட்டார், முகமெல்லாம் கிரீஸ், கண் மட்டும் வெள்ளையாக.

எழுந்ததும் திட்டினார். பைத்தியமா உனக்கு, சீட்டை விட்டு எறங்கலாமா, விரல் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப. சுண்டுவிரலில் தோல் உரிந்து ரத்தம். நான் அளவு டேப்பை எடுத்து நீட்டினேன். "அளந்து பாருங்க." கோபத்தோடு அளந்தார், தரையிலிருந்து கையின் அடி விளிம்பு வரைக்கும், முப்பத்தொன்பதரை அங்குலம். "பாரு, அப்படியேதான் நிக்குது." "நின்னு, மறுபடி அளங்க." நின்றோம், இரண்டு பேரும், எதிரும் புதிருமாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அளந்தார். டேப்பைக் கண்ணருகே கொண்டுபோனார், கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டே முக்கால். டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது. அதற்குள் இரும்புக் கை வேப்பங்கட்டையின் தலையைத் தொட்டுவிட்டது, கட்டை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது, யாரோ தோளில் சாய்கிற மாதிரி மெதுவாக, பிறகு பட்டென்று சறுக்கி உருண்டு, இவருடைய கழன்ற செருப்பின் மேல் போய் நின்றது. "சிலிண்டருக்குள்ள ரப்பர் சீல் போயிருச்சு" என்றார், ஒரு ஆசிரியர் குரலில் சொல்ல முயன்று, பாதியில் குரல் உடைந்துபோய். கவிழ்த்து வைத்த கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். "இன்னைக்கு வேண்டாம் புள்ள. அவிகள வர வேண்டாம்னு சொல்லிர்றேன்."

நான் எதிர்பார்த்தது என்ன. ஒரு நன்றி, இல்லை, அதை இவரிடம் எதிர்பார்க்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்த டப்பாவின் மேல், தோளைக் குறுக்கிக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது, உள்ளே போய் டீ போடு என்கிற மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வந்தது வேறு. இவருக்குப் பயம் அடியில் படுத்ததில் வந்திருக்கிறது, அதுவும் வெளியே வந்த பிறகு. மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு என்ன என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்த நான்கு விரல் இடைவெளி இவருக்குத் தெரியாது. "கட்டைய அடுக்குங்க" என்றேன். "எதுக்கு?" "ரண்டு பக்கமும் அடுக்குங்க, குறுக்கும் நெடுக்குமா." நானே ஏறி எஞ்சின் வேகத்தைக் கூட்டி இடது லீவரை இழுத்துக் கைகளை உயர்த்தினேன், இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எட்டு ரயில் கட்டையும் அடுக்கி முடிக்க அரை மணி நேரம், இரண்டு பேருமாகத்தான் தூக்கினோம். கைகளை அதன் மேல் இறக்கி உட்கார வைத்தோம், இனி மலையே வந்து உட்கார்ந்தாலும் இறங்காது. இறங்கி வந்து சாக்கை உதறி விரித்தேன், கருவிப் பெட்டியிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டேன். "நீங்க மேல ஏறுங்க. நான் படுக்கறேன்." "உனக்கென்ன பேயா புடிச்சிருக்குது?" "ஏறுங்க. வலது லீவர். நான் சொல்றப்ப ஒரு நூல்."

கீழே வேறு உலகம். இருட்டு, சூடான எண்ணெய் வாசம், மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இரும்பு, அதன் அடி வயிறெல்லாம் காய்ந்த மண், அறுபது வருஷத்து மண், யார் யாரோ தோண்டியது. எஞ்சின் முதுகெலும்பில் ஓடுகிறது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு துளையைப் பார்த்தேன், கடுகளவு விலகியிருக்கிறது, இடது பக்கமாக, இதை விரலால் தடவி எப்படிக் கண்டுபிடிப்பார், குருடன். டார்ச்சை எடுத்துவிட்டு "இழுங்க" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "இழுங்கன்னா." "கமலா," என்று மேலேயிருந்து குரல், "கைய எடுத்துட்டயா?" "இல்ல. எடுத்தா எப்படித் தெரியும், இழுங்க." "கைய எடு மொதல்ல." "நீங்க எடுத்தீங்களா?" சீட்டுக்கு முன்னால் இருந்த காலடித் தகட்டின் பிளவு வழியாக இவருடைய பாதம் தெரிந்தது, ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால், வெறுங்கால் எஞ்சினின் ஆட்டத்துக்குச் சேராமல் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. "வெளிய வந்துரு புள்ள. என்னால ஆகாது." "கட்டை இருக்குதல்ல." "இருக்குது. இருந்தாலும் ஆகாது. எந்த லீவருன்னு தெரிய மாட்டேங்குது. ரண்டும் ஒண்ணாட்டவே இருக்குது." பொய் சொல்லப்போவதில்லை, அதைக் கேட்டுக்கொண்டு அங்கே படுத்திருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். இன்னும் இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நான் இரண்டு முறையும் பேசாமல் இருந்தேன், மூன்றாவது முறை கூப்பிட்டது பெயராக இல்லை, வெறும் சத்தமாக இருந்தது, அதற்கு மேல் எனக்குச் சுகம் இல்லை. "இங்கதான் இருக்கறேன்" என்றேன். "உங்க சோத்துக் கைப் பக்கத்து லீவர். அத மட்டும் புடிங்க. ஒரு நூல்." எவ்வளவோ நேரம் கழித்து இணைப்புக் கம்பி முனகி அசைந்தது, ஒரு நூல்தான், அச்சாக ஒரு நூல், துளைக்குள் துளை நிலா மாதிரி முழு வட்டமாக வந்து நின்றது. "போதும்." பின்னை வைத்து மரச்சுத்தியால் தட்டினேன், நாலு தட்டில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. "போயிருச்சுங்க!"

ஊர்ந்து வெளியே வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், சீட்டில் விறைத்து உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையாலும் வலது லீவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு. மூடிக்கொண்டுதான் இழுத்திருக்கிறார். நான் அடியில் படுத்திருக்க, இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்திருக்கிறார். கிரீஸ் பூசிய கன்னத்தில் இரண்டு கோடு வெளுப்பாக இறங்கியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடி வயிற்றிலிருந்து, மூச்சு முட்டுகிற அளவுக்கு. சிரித்துக்கொண்டே சங்கிலிப் பட்டையில் சாய்ந்து நின்றேன், கெண்டைக்காலிலிருந்து ரத்தம் செருப்புக்குள் இறங்கியிருந்தது. "கண்ணத் தொறங்க. உசுரோடதான் நிக்கறேன்." திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், கேட்டது என்பதுபோல. சாக்கை இழுத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போனேன், அங்கேயும் ஒரு பின்னு போட வேண்டியிருந்தது. படுத்து, காலை நீட்டி, தலையை உள்ளே தள்ளிக்கொண்டு சொன்னேன், "இந்தத் தடவ பாத்து இழுங்க."